வாசலருகே வாடிய நாற்றுகள்

1. ஜன்னலைச் சாத்தினார்

கஞ்சா நாற்றுப் பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னதும் என் கணவர் சிவம் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். நாங்கள் இருந்தது பலெர்மோவின் சந்தைக்கு மேலே நாலாம் மாடியில். கீழே மீன்காரர்கள் கத்துகிற கத்தலில் நான் பேசியது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் அந்தத் தெருவில் தமிழ் விளங்குகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

“உமக்கு விசரோ? இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரத்தில கஞ்சா கிஞ்சா எண்டு கதைக்கிறீர்?” என்றார்.

“கஞ்சா இல்லை, கானப்பா.”

“ரெண்டும் ஒரே செடிதானே?”

ஒரே செடிதான். ஆனால் இது போதை இல்லாத அளவுக்குக் குறைந்த வகை. எண்ணெய்க்கும் நாருக்கும் பூவுக்கும் வளர்க்கலாம் என்று இத்தாலியில் சட்டம் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. சிசிலியின் மலைப்பக்கங்களில் கோதுமை விதைத்தவர்கள் சிலர் இதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள். விதைப் பையிலேயே சான்றிதழ் ஒட்டியிருக்கும். போலீஸ் வந்து கேட்டால் காட்ட வேண்டும். அதையெல்லாம் சிவத்துக்குச் சொன்னேன். அவர் கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

“வேலைக்குக் கொன்ட்ராட்டோ எழுதித் தருவினமோ?”

“ஓம்.”

“அப்ப போம். கோயிலில ஆரும் கேட்டால் தக்காளி எண்டு சொல்லும்.”

இப்போது நாற்றுப் பண்ணை வேலைக்கு எங்கள் பிள்ளைகள் பலர் போகிறார்கள். இலை வாடினால், மஞ்சளானால் என்னிடம் போனில் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் வருகிற இத்தாலியர்கள் பேசியது அவர்களுடைய பாஷையில். எனக்குக் கைவந்த பேச்சில் அதை எழுதியிருக்கிறேன்.

2. தகப்பனும் மகளும்

அந்தக் குடும்பத்தை எனக்கு முன்பே தெரியும். நகரத்தில் லிபெர்த்தா தெருவில் அவர்களுடைய வீட்டில் படுக்கையில் கிடந்த சிஞ்ஞோராவை, அந்த வீட்டு அம்மாவை, நான்தான் நாலு வருடம் பார்த்தேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், கடைசியில் கண்ணையும் மூடிவிட்டேன். அவருடைய மகள் ஜூலியா. வடக்கே பொலோஞ்ஞாவில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவள், தாய்க்காகத் திரும்பி வந்தாள். தாய் போன பிறகு லிபெர்த்தா வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

தகப்பன் சிஞ்ஞோர் நீனோ நகரத்து வீட்டில் ஒரு நாளும் ஒட்டியதில்லை. நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவிலிருந்த பழைய வீட்டில் தனியாக இருந்தார். மற்ற இடங்களில் மண்டரின் முடிந்த பிறகுதான் அங்கே பழுக்கத் தொடங்கும். தை, மாசி, பங்குனியில் மரமெல்லாம் பழமாக நிற்கும். ஆனால் அவருக்கு வயதாகிவிட்டது. பாதித் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். பழத்தைப் பெட்டியில் அடுக்குகிற கல் கட்டடம் ஒன்று சும்மா கிடந்தது. கொட்டில் என்று நான் சொல்வேன். அதைத்தான் ஜூலியா நாற்றுப் பண்ணை ஆக்கினாள்.

அதைக் கேட்ட அன்று கிழவர் ஆடிய ஆட்டம் எனக்கு நினைவிருக்கிறது.

“என்ர தகப்பன் கட்டின கொட்டிலுக்குள்ள போதைச் செடியோ? வை. என்னமும் வை. நான் அந்த வாசலை மிதிக்க மாட்டன்” என்று சிஞ்ஞோராவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணினார்.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எனக்குத்தான் இரண்டு வேலை. காலையில் கொட்டிலில் ஜூலியாவுக்கு. மத்தியானம் கிழவருக்குச் சமையல், வீடு கூட்டுதல். நடுவில் தபால்காரி வேலை வேறு.

“அவளுக்குச் சொல்லு, குப்பை வண்டி வெள்ளிக்கிழமைதான் வருமெண்டு” என்பார் கிழவர்.

“அவருக்குச் சொல்லுங்கோ, எனக்குத் தெரியுமெண்டு” என்பாள் ஜூலியா.

கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஐம்பது அடி தூரம்கூட இருக்காது.

3. தலை கவிழ்ந்தன

அந்த வருடம் தை மாதம் விதை போட்டோம். சின்னக் குழித்தட்டில் முளைக்க வைத்து, மூன்றாம் சோடி இலை வந்ததும் கையடக்கச் சட்டிக்கு மாற்றினோம். மேலே எல்இடி லைட். மூலையில் ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி. அங்குள்ள கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்தது. கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதனால் அந்தத் தண்ணீரைப் பில்டரில் விட்டு, அதன் அமில அளவைச் சரிபார்த்து, தாங்கியில் நிரப்பி வைத்திருந்தோம். அதிலிருந்து பூவாளியில் எடுத்து நான் ஊற்றுவேன். தண்ணீர் என் பொறுப்பு. வேறு யாரும் தொடுவதில்லை.

சட்டி மாற்றிய அன்று எல்லா நாற்றும் கொஞ்சம் சோர்ந்து நின்றன. அது வழமை. வேர் புது மண்ணைப் பிடிக்க ஒரு நாள் எடுக்கும். மறுநாள் உள்பக்கத்து மேசைகளில் இருந்தவை நிமிர்ந்துவிட்டன. வாசலுக்குக் கிட்ட இருந்த மேசைகளில் இருந்தவை நிமிரவில்லை. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் தொங்கின. பிறகு மஞ்சள் விழுந்தது.

புதிய ஆட்கள் இங்கேதான் தவறுவார்கள். இலை தொங்கினால் தண்ணீர் இல்லை என்று நினைப்பார்கள். தாகத்தில் வாடிய இலை துணிபோல மெலிந்து தளர்ந்திருக்கும். தண்ணீர் கூடி வாடிய இலை அப்படியில்லை. தடிப்பாக, உப்பிப்போய், காம்பிலிருந்தே கீழே வளைந்திருக்கும். சட்டியைத் தூக்கிப் பார்த்தால் சந்தேகம் தீரும். நான் தூக்கிப் பார்த்தேன். கல் மாதிரிக் கனத்தது.

“ஜூலியா, இதுகளுக்குத் தண்ணி கூடிப் போச்சு. நான் ரெண்டு மூண்டு நாள் விடாமல் பாக்கிறன்” என்றேன்.

“சரி, பாருங்கோ.”

விடாமல் பார்த்தேன். சட்டி காயவில்லை. மறுநாளும் கனம். அதற்கடுத்த நாளும் கனம். குளிர்காலம், காயத் தாமதமாகும் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன்.

ஜூலியாவுக்குப் பொறுமை போய்விட்டது. மஞ்சள் என்றால் சத்துக் குறைவு என்று எங்கோ படித்துவிட்டு உரத்தைக் கரைத்து ஊற்றினாள். இரண்டு நாளில் இலை நுனியெல்லாம் கருகியது. ஈர மண்ணில் பூஞ்சை ஈக்கள் பறக்கத் தொடங்கின. மஞ்சள் பசை அட்டைகளைத் தொங்கவிட்டோம். ஈ ஒட்டியது, செடி தேறவில்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. வாசலுக்குக் கிட்ட இருப்பவைதானே வாடுகின்றன? மாசிக் குளிர். கதவு இடுக்கால் காற்று வரும். குளிர் காற்றுப் பட்டால் வேர் தண்ணீர் குடிக்காது. இதுதான் காரணம் என்று இருவரும் நம்பினோம். கதவுக்கு உள்ளே தடித்த பிளாஸ்டிக் திரை ஒன்றைத் தொங்கவிட்டோம். சட்டிகளை மேசையிலிருந்து உயர்த்தி, அடியில் தெர்மோகோல் தட்டு வைத்தோம்.

ஒன்றும் மாறவில்லை.

ஒரு நாள் ஜூலியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மலைப்பக்கத்து விவசாயிகள் சித்திரையில் வந்து நாற்றை ஏற்றிப் போவார்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வாசல் பக்கத்து மேசைகள் என்றால் ஏறக்குறையப் பாதி நாற்று.

“தேவி, இந்த முறை பிழைச்சால் நான் பொலோஞ்ஞாவுக்குத் திரும்பிப் போறன். அங்கை இப்பவும் என்னைக் கூப்பிடினம். பப்பா சொன்னது சரியெண்டு ஆகட்டும்.”

அவள் போனால் கொட்டில் மூடப்படும், என் கொன்ட்ராட்டோவும் போகும். அதுமட்டுமில்லை. கிழவர் அந்தத் தோட்டத்தில் தனியாகிவிடுவார். சிஞ்ஞோரா கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அந்த இருவரைப் பற்றித்தான்.

4. கோடு போட்ட நோய்

ஜூலியா வேளாண் ஆலோசகர் ஒருவரைக் கூப்பிட்டாள். லொரெதானா என்று பெயர். படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதால் எல்லோரும் தொத்தொரேஸ்ஸா என்று அழைப்பார்கள். குள்ளமான, வாய் ஓயாத பெண். வந்தவுடன் செடியைப் பார்க்கவில்லை. கொட்டிலின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எல்லா மேசைகளையும் பார்த்தார்.

“முதல்ல தூர நிண்டு பாக்க வேணும். கிட்டப் போனால் இலைதான் தெரியும், நோய் தெரியாது” என்றார்.

பிறகு எங்களைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்தார்.

“இதில இருந்து பாருங்கோ. வாடினது எங்கை முடியுது?”

அப்போதுதான் நானும் கவனித்தேன். வாடியவை கதவிலிருந்து விசிறி விரித்த மாதிரி ஒரு வளைவுக்குள் இருந்தன. வளைவுக்கு வெளியே ஒரே மேசையிலேயே அடுத்த சட்டி பச்சைப் பசேலென்று நின்றது.

“பூஞ்சை எண்டால் ஒரு இடத்தில தொடங்கி அங்கை இஞ்சை பரவும். குளிர்காத்து எண்டால் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். இப்பிடிக் கோடு போட்டு நிக்காது.”

வாடிய சட்டியில் ஒன்றை அவர் கவிழ்த்து, செடியை மண்ணோடு உருவினார். நல்ல வேர் வெள்ளையாக, நூல் நூலாக இருக்கும். இது பழுப்பாக இருந்தது. இழுத்தால் தோல் கழன்றது. மணந்து பார்க்கச் சொன்னார். குளத்துச் சேறு மாதிரி ஒரு நாற்றம்.

“வேர் மூச்சுவிட இடமில்லாமல் அழுகுது. தொங்கிறதுக்குக் காரணம் இது. ஆனால் மஞ்சளுக்கு இது மட்டும் போதாது. இஞ்சை பாருங்கோ.”

மேலே புதிதாக வந்த இலையைக் காட்டினார். நரம்பு பச்சையாக இருந்தது, நரம்புகளுக்கு நடுவில் மஞ்சள். கீழிலை மஞ்சளானால் ஒரு கணக்கு. குருத்திலை இப்படி வலை மாதிரி மஞ்சளானால் வேறு கணக்கு. இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். சுண்ணாம்பு கூடினால் அப்படி வரும்.

கைப்பையிலிருந்து சோதனைக் காகிதம் எடுத்தார். வாடிய சட்டியின் அடியிலிருந்து வடிந்த தண்ணீரில் தோய்த்தார், காகிதம் நீலமாகப் போனது, சுண்ணாம்பு கூடியதற்கு அடையாளம். பச்சையாக நின்ற சட்டியின் தண்ணீரில் இன்னொன்றைத் தோய்த்தார். அது மஞ்சள் பச்சையோடு நின்றது.

கடைசியாக ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதில் பொட்டுப் பொட்டாக வெள்ளைக் கறை. துளி விழுந்து காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு.

“பூவாளியால அடியில விடுற தண்ணி இலையில எப்பிடித் தெறிக்கும்? இது வேற தண்ணி. ஆரோ கிணத்துத் தண்ணியை மேலால விடுகினம். கதவடியில தண்ணிப் பைப் இருக்கோ?”

வெளியே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் வருகிற தோட்டத்துப் பைப். அதில் ஒரு ஹோஸும் இருந்தது.

தொத்தொரேஸ்ஸா போன பிறகு ஜூலியா மேசையைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“தேவி, களைச்சுப்போன நாளில ஹோஸால விட்டனீங்களோ? விட்டால் சொல்லுங்கோ. கோவிக்க மாட்டன்.”

“நான் விடேல்லை.”

“இஞ்சை தண்ணி விடுறது நீங்கள் மட்டும்தானே?”

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். அவளுடைய தாயைக் கழுவித் துடைத்த கை இது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்தக் கொட்டிலில் வேறு யாரும் வேலை செய்யவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

5. விட விட

மறுநாள் விடியமுன் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். எங்கே போகிறீர் என்று சிவம் கேட்டார். “தக்காளிக்குக் காவல்” என்றேன்.

சியாகுல்லியில் இறங்கும்போது வானம் வெளுத்திருந்தது. தோட்டத்துப் பாதையில் மண்டரின் மணம். கொட்டிலைக் கிட்டும்போதே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

வாசலில் சிஞ்ஞோர் நீனோ நின்றார். கதவு திறந்திருந்தது. சாவி அவரிடமும் உண்டு, அது அவருடைய கொட்டில்தானே. இடது கையால் எங்கள் பிளாஸ்டிக் திரையை ஒதுக்கிப் பிடித்திருந்தார். வலது கையில் ஹோஸ். வாயைப் பெருவிரலால் அமத்தி, தண்ணீரை மழை மாதிரித் தூவிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. காலையில் தரையில் காண்கிற ஈரம் சட்டியிலிருந்து வடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“குடியுங்கோ பிள்ளையள், குடியுங்கோ” என்று நாற்றுகளோடு சிசிலியனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“சிஞ்ஞோர்!”

திடுக்கிட்டுத் திரும்பினார். தண்ணீர் சுவரில் அடித்தது.

“நீ ஏன் இந்த நேரத்தில?”

“நீங்கள் ஏன் இந்த நேரத்தில?”

ஹோஸை மடித்துப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“சட்டி மாத்தின அண்டைக்கு ஏணி எடுக்க இஞ்சாலை வந்தன். ஜன்னலால பாத்தால் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டுது. அவள் படிச்ச பிள்ளை, கொம்பியூட்டர் தெரியும். செடி தெரியாது. தண்ணி விட மறந்திட்டாள் எண்டு நினைச்சன்.”

“தண்ணி விடுறது நான்தான், சிஞ்ஞோர்.”

“நீ கறியில உப்புப் போடுற மாதிரிதான் தண்ணியும் விடுவாய் எண்டு எனக்குத் தெரியாதோ?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவருக்கு இரத்த அழுத்தம். டொக்டர் சொல்லித்தான் உப்பைக் குறைத்துப் போடுகிறேன்.

“அப்ப ஒவ்வொரு நாளும் விட்டனீங்களோ?”

“விடாமல்? விட விட இன்னும் தொங்குதே!”

“நீங்கள் விட விடத்தான் சிஞ்ஞோர் அது தொங்குது.”

அவருக்கு விளங்கவில்லை. உள்மேசையிலிருந்து பச்சையாக நின்ற சட்டி ஒன்றை எடுத்து வந்து அவருடைய ஒரு கையில் கொடுத்தேன். வாசலடிச் சட்டி ஒன்றை மற்றக் கையில் கொடுத்தேன். கனத்த கை கீழே இறங்கியது. பிறகு கனத்த சட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டினேன். குனிந்து மணந்து பார்த்தார்.

வாழ்க்கை முழுவதும் மரத்தோடு நின்ற மனிதர். அந்த மணம் என்னவென்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மஞ்சள் இலையை விரலால் தடவி, “சுண்ணாம்பு” என்று தானே சொன்னார். “மண்டரினில எனக்கு இது தெரியும். பெரிய மரம், தாங்கும். இந்தச் சின்னதுகளில நான் யோசிக்கேல்லை.”

தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அவளுக்குச் சொல்லுவியோ?”

“நான் சொல்ல மாட்டன். ஆனால் அவ நான்தான் விட்டனான் எண்டு நினைக்கிறா.”

அவர் ஹோஸைப் பைப்பில் சுற்றிவிட்டு மரங்களுக்கு நடுவில் நடந்து போய்விட்டார்.

6. வாசல்

ஜூலியா வந்தபோது நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஈரத்தை மறைக்க முடியாது. அவள் ஈரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இண்டைக்கும்…?”

“நான் இல்லை, ஜூலியா.”

“அப்ப ஆர்?”

வாய்வரை வந்ததை விழுங்கினேன். சொல்லிவிட்டால் என் பெயர் தப்பும். ஆனால் அது கிழவர் சொல்ல வேண்டியது. நான் போய்ச் சொன்னால் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் இன்னொரு தபால்தான் போகும். தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றேன். அந்த வேலையில் நான் ஆகச் சங்கடப்பட்ட நேரம் அதுதான். அவளுடைய முகம் மாறிக்கொண்டே போனது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது.

“நான்தான்” என்றார் கிழவர்.

ஜூலியா திரும்பவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவர் அவளோடு நேரே பேசிய முதல் சொல் அது.

“தேவி இல்லை. நான்தான் விட்டனான். ஒவ்வொரு நாளும்.”

“நீங்களோ?” அவள் இப்போது திரும்பினாள். “இந்த வாசலை மிதிக்க மாட்டன் எண்டு அம்மான்ர படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணினீங்களே, பப்பா!”

“மிதிக்கேல்லை. வெளியில நிண்டுதான் விட்டனான்.”

ஜூலியா அவருடைய காலைப் பார்த்தாள். இரண்டு சப்பாத்தும் வாசற்கல்லுக்கு வெளியேதான் இருந்தன. பிறகு மேசைகளைப் பார்த்தாள். கதவிலிருந்து விரிந்த அந்த வளைவு, ஒரு கிழவர் உள்ளே கால் வைக்காமல் எவ்வளவு தூரம் தண்ணீர் வீசலாமோ அவ்வளவு தூரம். தொத்தொரேஸ்ஸா சொன்ன கோடு.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

“என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே, பப்பா.”

“நீ கொட்டிலை எடுக்கேக்கை என்னட்டைக் கேட்டனியோ?”

வெளியே யாரோ பழப்பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

“கேட்டிருக்க வேணும்” என்றாள் ஜூலியா கடைசியில். “உள்ளுக்கு வாங்கோ. வந்து நீங்கள் செய்து வச்சிருக்கிற கூத்தைப் பாருங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். சத்தியத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?

“சிஞ்ஞோரா ஒண்டும் சொல்ல மாட்டா” என்றேன்.

அவர் உள்ளே வந்தார். ஜூலியா என்னிடம் வந்து என் தோளில் தலையைச் சாய்த்து, “மன்னியுங்கோ, தேவி” என்றாள். தும்புத்தடி இன்னும் என் கையில்தான் இருந்தது.

7. குருத்தைப் பாருங்கள்

பிறகு செய்ததெல்லாம் பெரிய வித்தை இல்லை. தொத்தொரேஸ்ஸா போனிலேயே சொன்னார். தண்டின் அடி கறுத்து நசுங்கியவற்றை எறிந்தோம். மற்றவற்றை ஒருமுறை தாங்கித் தண்ணீரால் நன்றாக வடிய விட்டு, மண்ணில் தேங்கியிருந்த சுண்ணாம்பைக் கழுவினோம். அதன் பிறகு தண்ணீரே இல்லை. மின்விசிறியை மெல்லச் சுழல விட்டோம். சட்டி கையில் லேசாகும்வரை காத்திருந்தோம். வேர் தெளிந்த பிறகு, செடி எடுக்கக்கூடிய இரும்புச்சத்தைக் கொஞ்சமாகக் கொடுத்தோம்.

அந்தக் காத்திருப்புக் கிழவருக்குப் பெரிய தண்டனை. கையில் ஒன்றும் இல்லாமல் அவரால் நிற்க முடியாது. ஜூலியா அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். கொட்டில் கூரையில் விழுகிற மழைத் தண்ணீர் வீணாகத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. கிழவர் கூரையோரத்துப் பழைய பீலிகளைச் சரிபண்ணி, குழாய் பொருத்தி, தண்ணீரைத் தாங்கிக்கு இறக்கினார். ஏணியில் நின்றுகொண்டு மகளைத் திட்டுவார், மகள் கீழே நின்று பதிலுக்குத் திட்டுவாள். என் தபால் வேலை போய்விட்டது.

புதிய பிள்ளைகள் இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நம்பிக்கை போய்விடும். ஜூலியா காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பாள், முகம் சுருங்கும். நான் அவளை இழுத்து நுனியைக் காட்டுவேன். அங்கே நகம் அளவில் புதிய குருத்து. முதலில் வெளிர் பச்சை. பிறகு நல்ல பச்சை. செடி தேறுகிறதா இல்லையா என்பதைக் குருத்துத்தான் சொல்லும்.

எல்லாம் தேறவில்லை. ஆனால் வாசலடியில் இருந்ததில் கூடுதலானவை தேறின. கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் வேர் பிடித்திருந்தது. போலீஸும் ஒரு தரம் வந்து விதைச் சான்றிதழைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்குக் கிழவரே மண்டரின் உரித்துக் கொடுத்து, எந்தச் செடி எந்த மேசை என்று விளக்கம் சொன்னார்.

சிவமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் மேசை மேசையாக நடந்தார்.

“மரவள்ளி இலை மாதிரியெல்லோ கிடக்கு. இதுக்கோ நான் இவ்வளவு பயந்தனான்?” என்றார்.

சித்திரையில் மலைப்பக்கத்திலிருந்து புருசன் பெண்சாதி இருவர் வண்டியோடு வந்தார்கள். நாற்றுகள் குறைந்துபோனதை ஜூலியா ஒளிக்காமல் சொன்னாள், அவர்கள் சரியென்றார்கள். கிழவர் ஒவ்வொரு தட்டையும் தானே தூக்கி ஏற்றினார். ஏற்றி முடிந்ததும் ஒரு சட்டியை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

“இந்தக் கனத்தை ஞாபகம் வச்சிருங்கோ, சிஞ்ஞோரா. இது லேசாகாமல் தண்ணி விடக்கூடாது. என்னை மாதிரி ஆக்களைக் கிட்ட விடாதையுங்கோ.”

ஜூலியா பொலோஞ்ஞாவுக்குப் போகவில்லை. அடுத்த வருடமும் விதை போட்டோம்.

அதன் பிறகு பல வருடம் நான் நாற்றுகளோடு வேலை செய்தேன். பூச்சி பார்த்தேன், பூஞ்சை பார்த்தேன், லைட் சுட்ட இலை பார்த்தேன். ஆனால் இலை வாடி மஞ்சளானது என்று யாராவது சொன்னால், என்ன குறைந்தது என்று நான் முதலில் கேட்பதில்லை. யார் எதைக் கூடக் கொடுக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். வீட்டுக்குள் வளர்கிற செடி பட்டினியால் சாவதைவிட அன்பால் சாவதுதான் அதிகம்.

இந்த வருடத் தொடக்கத்தில் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ஒரு பிள்ளை போன் பண்ணினாள். கலியாணம் முடித்து வந்து கொஞ்ச நாள்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த விதையில் ஜன்னலடியில் கறிவேப்பிலை முளைக்க வைத்திருக்கிறாள். இலை தொங்கி மஞ்சளாகிறது, உரம் என்ன போடலாம் என்று கேட்டாள்.

“வீட்டில எத்தினை பேர் இருக்கிறியள்?” என்று கேட்டேன்.

“நாங்கள் ரெண்டு பேர், மாமி, மாமா. ஏன் அன்ரி?”

“போய் ஒவ்வொராளா விசாரியும்.”

போனை வைக்காமலே அவள் அடுத்த அறைக்குப் போனாள். நடக்கிற சத்தம் கேட்டது. “மாமி, அந்தக் கறிவேப்பிலைக்கு நீங்களும் தண்ணி விட்டனீங்களோ?” என்றாள். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், “ஓம் பிள்ளை, நீர் வேலைக்குப் போறனீர், பாவமெண்டு நான்தான் காலமையில விடுறனான்” என்றது. அதற்கு மேலால் ஒரு ஆண்குரல் கேட்டது.

“நீருமோ? நானெல்லோ பின்னேரத்தில விடுறன்!”